துக்கம் எப்படி ஊர்வலமாகிறது? போராட்டப் பாடல்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

போராட்டப் பாடல்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே வாக்கியம் வந்து நிற்கும்: "அந்தப் பாட்டு மக்களின் உணர்ச்சியைத் தூண்டிவிட்டது." பாடகரைக் கைது செய்யும் அரசும் இதைத்தான் சொல்கிறது. அவரைக் கொண்டாடும் ரசிகரும் இதையே பாராட்டாகச் சொல்கிறார். இருவருமே ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். துப்பாக்கிச் சூடு நடந்த ஊரில் உணர்ச்சிக்குக் குறைவே இருக்காது. பாட்டு வருவதற்கு முன்பே வீட்டுக்கு வீடு துக்கமும் கோபமும் தேங்கிக் கிடக்கும். அவ்வளவு இருந்தும் பெரும்பாலான ஊர்களில் எதுவும் நடப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார்கள், பிறகு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: ஏற்கெனவே இருக்கிற துக்கத்தைப் பாட்டு என்ன செய்கிறது? இதைப் புரிந்துகொள்ள ராகமோ தாளக் கணக்கோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1952-ல் டாக்காவில் பிறந்த ஒரு பாடலை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நடுவில் தென்னாப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் கொஞ்சம் போய்வரலாம்.

## எழவு வீட்டில் நடப்பது

நமக்கெல்லாம் பழக்கமான ஓர் இடத்திலிருந்து தொடங்குவோம். கிராமத்து எழவு வீடு. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஒப்பாரி வைக்கிறார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்கிறாள், மற்றவர்கள் அந்த அடியின் கடைசி இழுவையைப் பிடித்துக்கொள்கிறார்கள். புதிதாக உள்ளே வரும் பெண்ணும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக வட்டத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். பாட்டு தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இழுவையைப் பிடித்தால் போதும்.

இங்கே இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, ஒரு வீட்டுத் துக்கம் ஊர்த் துக்கமாகிறது. வந்தவள் தன் வீட்டில் என்றோ செத்துப்போனவரையும் சேர்த்துத்தான் அழுகிறாள். இரண்டாவதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்: ஒப்பாரியில் புகார் இருக்கிறது. அண்ணன் கைவிட்டது, மாமியார் வீட்டுக் கொடுமை, சரியாகப் பார்க்காத வைத்தியர் என்று சாதாரண நாளில் வாய்திறந்து சொல்ல முடியாததெல்லாம் அன்று பாட்டாக வரும். அழுகிறவளை யாரும் அதட்ட முடியாது.

ஆனால் ஒப்பாரிக்கு ஒரு முடிவு உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் குடும்பம் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும். துக்கத்தை இறக்கிவைப்பதுதான் அதன் வேலை. போராட்டப் பாடல் இதே கருவிகளை எடுத்துக்கொள்கிறது. சேர்ந்து பாடுவதும் எளிதில் கலந்துகொள்வதும் புகார் சொல்வதும் அதிலும் உண்டு. பதினாறாம் நாள் மட்டும் கிடையாது.

## டாக்கா, 1952 பிப்ரவரி 21

இந்தியா பிரிக்கப்பட்டபோது பாகிஸ்தான் இரண்டு துண்டுகளாக இருந்தது. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கிழக்குத் துண்டில் இருந்தார்கள், வங்காளம் பேசினார்கள். 1948 மார்ச்சில் டாக்காவுக்கு வந்த ஜின்னா, உருது மட்டுமே அரசு மொழி என்றார். 1952 ஜனவரி கடைசியில் பிரதமர் குவாஜா நஜிமுதீன் அதே டாக்காவில் அதையே திரும்பச் சொன்னார். எல்லாக் கட்சிகளும் சேர்ந்த செயற்குழு ஒன்று சில நாட்களுக்குள் அமைந்தது. பிப்ரவரி 21-ஆம் தேதி 144 தடை உத்தரவை மீறி மாணவர்கள் வெளியே வந்தார்கள். டாக்கா மருத்துவக் கல்லூரி அருகே போலீஸ் சுட்டது. ரஃபீக், பர்கத், ஜப்பார் ஆகியோர் அன்று பலியானார்கள். குண்டடிபட்ட சலாம் பிறகு இறந்தார். மறுநாளும் சுட்டார்கள்.

டாக்கா கல்லூரி மாணவரான அப்துல் கஃபார் சௌத்ரி காயம்பட்டவர்களைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனார். அங்கே தலை சிதைந்த ரஃபீக்கின் உடலைக் கண்டார். தன் சொந்தச் சகோதரனே கிடப்பதுபோல் இருந்தது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில்தான் கவிதையின் முதல் வரி அவருக்கு வந்தது. அதன் பொருள் இது: என் சகோதரனின் ரத்தத்தில் சிவந்த பிப்ரவரி 21, அதை நான் மறக்க முடியுமா?

இதற்கு முதலில் மெட்டமைத்தவர் அப்துல் லத்தீஃப். பிறகு அல்தாஃப் மஹ்மூத் போட்ட மெட்டுதான் நிலைத்தது. இன்றும் வங்கதேசத்தில் பாடப்படுவது அதுவே.

## ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கின்றன

அந்த முதல் வரியில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எனக்கு இந்தப் பாடலில் மிகப் பெரிய விஷயமாகப் படுவது அங்கேதான் இருக்கிறது.

"என் சகோதரன்" என்கிறது. பாடுகிற ஆயிரம் பேரில் ரஃபீக்கை நேரில் பார்த்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். ஆனாலும் எல்லோரும் "என்" என்றுதான் பாட வேண்டியிருக்கிறது. வேறு மாதிரி பாட வழியில்லை. முன்பின் தெரியாத ஒருவனுக்காகத் துக்கம் காக்கும் கடமையைப் பாடுகிறவர் தன் வாயாலேயே ஏற்றுக்கொள்கிறார்.

அடுத்து, "ரத்தம்". நோயில் போனவனோ விபத்தில் போனவனோ இவனில்லை, யாரோ சிந்த வைத்த ரத்தம். போராட்டங்களை ஆராய்கிறவர்கள் இதற்குச் சட்டகம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஒரு நிகழ்ச்சியை என்னவாகப் புரிந்துகொள்வது, யாரைப் பொறுப்பாக்குவது என்று நமக்குள் போட்டுக்கொள்ளும் வரையறைதான் சட்டகம். ஒரே சாவை "தலைவிதி" என்றும் சொல்லலாம், "கலவரத்தில் மாட்டிக்கொண்டான்" என்றும் சொல்லலாம், "கொன்றார்கள்" என்றும் சொல்லலாம். முதலாவது அழ வைக்கும், இரண்டாவது எச்சரிக்கையாக இருக்கச் சொல்லும். மூன்றாவது மட்டும்தான் பதில் கேட்கும்.

பிறகு, தேதி. நாளும் மாதமும் பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. எழுத்தறியாத ஒருவரும் இந்தப் பாட்டைக் கற்றுக்கொண்ட மாத்திரத்தில் என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பதைக் கற்றுக்கொண்டுவிடுகிறார். கடைசியாக, அந்த வரி கேள்வியாக முடிகிறது. மறக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் பாட்டு பதில் சொல்வதில்லை. வாயைத் திறந்து பாடுகிறவர் அந்தக் கணமே பதிலாக நிற்கிறார்.

கவிதையின் பிற்பகுதி கடுமையானது. நாகங்களையும் சித்திரைப் புயலையும் "விழித்தெழுங்கள்" என்று அழைக்கிறது. பொதுவிடங்களில் பெரும்பாலும் முதல் பகுதியைத்தான் பாடுகிறார்கள் என்றாலும், துக்கத்தில் தொடங்கி அழைப்புக்கு நகரும் அமைப்பு கவிதைக்குள்ளேயே இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: பாட்டு முதலில் செத்தவரைச் சொந்தமாக்குகிறது, பிறகு அந்தச் சாவுக்கு ஒரு பொறுப்பாளியைக் காட்டுகிறது. துக்கத்தின் அளவு கூடவில்லை, அது பார்க்கும் திசை மாறியிருக்கிறது.

## தெரிவதும், தெரியும் என்று தெரிவதும்

திசை மாறினாலும் ஆள் தனியாகவே இருக்கிறார். "எனக்குக் கோபம்தான். ஆனால் நாளை ஊர்வலத்துக்குப் போனால் நான் ஒருவன் மட்டும் நிற்பேனோ?" இந்தச் சந்தேகம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே கோபமும் இதே சந்தேகமும் இருக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் எண்ணிப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அடக்குமுறை அரசுகளுக்கு மிகவும் வசதியான நிலைமை இது.

இதை உடைப்பதற்குத் தேவையானதைக் கூட்டறிதல் என்று சொல்லலாம். ஒரு செய்தி எல்லோருக்கும் தெரிந்திருப்பதோடு, அது எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் நிலைதான் கூட்டறிதல். துண்டறிக்கையை வீட்டுக்குள் படித்தால் எனக்குத் தெரிந்துவிடும், நீங்கள் படித்தீர்களா என்று எனக்குத் தெரியாது. தெருவில் நின்று சேர்ந்து பாடும்போது நான் பாடுவதை நீங்கள் கேட்கிறீர்கள், நீங்கள் கேட்டதை நான் பார்க்கிறேன். ஒப்பாரி வட்டத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு மற்றவள் அழுகிறாளா என்ற ஐயம் வராது அல்லவா, அதேதான் இங்கும்.

இதனால்தான் தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் போராட்டப் பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாதி வேலையைத்தான் செய்யும். பத்து லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற எண் திரையில் தெரியலாம். நாளைக்கு என் தெருமுனையில் யார் வந்து நிற்பார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

கிழக்கு பாகிஸ்தான் ஆட்சியாளர்களுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. சுடப்பட்ட இடத்தில் பிப்ரவரி 23 இரவு மாணவர்கள் கட்டிய நினைவுத் தூணை 26-ஆம் தேதியே போலீஸ் இடித்தது. அடுத்த ஆண்டு டாக்கா கல்லூரி வளாகத்தில் நினைவுத் தூண் எழுப்ப முயன்று இந்தப் பாட்டைப் பாடிய மாணவர்கள் சிலர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அழுகை மட்டும்தான் என்றால் யாரும் இவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள்.

## உடம்பு செய்கிற வேலை

இனி வருவது மூளையைவிட உடம்பைப் பற்றியது. பலர் ஒரே தாளத்தில் ஒரே அசைவைச் செய்வதை ஒத்தியக்கம் என்பார்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912-லேயே துக்கச் சடங்குகளைப் பற்றி ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார்: துக்கத்துக்காகக் கூடும் கூட்டம் துக்கத்தோடு மட்டும் கலைவதில்லை, சேர்ந்து அழுததாலேயே அந்தக் குழு இழந்த பலத்தைத் திரும்பப் பெறுகிறது. அமெரிக்க வரலாற்றாளர் வில்லியம் மெக்நீல் 1941-ல் டெக்சாஸில் ராணுவப் பயிற்சியில் மணிக்கணக்காக அணிவகுத்து நடந்தபோது, விளக்க முடியாத ஒரு நிறைவு தன்னுள் பரவியதாக எழுதினார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகோட்டும் மாணவர்களைச் சோதித்தபோது, தனியாகத் துடுப்பு வலித்த நேரத்தைவிடக் குழுவாக வலித்த பிறகு வலியைத் தாங்கும் அளவு கூடியிருந்தது. சேர்ந்து இயங்கும் உடம்பு கொஞ்சம் அதிகமாகத் தாங்குகிறது.

தடியடியை எதிர்பார்த்து நிற்கும் கூட்டத்துக்கு இந்தக் "கொஞ்சம்" பெரிய விஷயம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஹைலாண்டர் என்ற பயிற்சிப் பள்ளி இருந்தது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து உரிமைப் போராட்டம் பழகிய இடம். 1959-ல் இரவு நேரத்தில் போலீஸ் புகுந்து விளக்குகளை அணைத்தபோது, இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் தாங்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த பாட்டில் "எங்களுக்குப் பயமில்லை" என்று ஒரு புதிய அடியைச் சேர்த்துப் பாடினார்கள். பயம் இல்லாதவர்கள் அப்படிப் பாட வேண்டிய அவசியமே இல்லை. பயந்திருந்தார்கள், பாடினார்கள், பாடியதால் எழுந்து ஓடாமல் இருந்தார்கள். அந்த அடி பிறகு நாடு முழுவதும் பரவியது.

தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. நிறவெறி ஆட்சி அரசியல் கூட்டங்களைத் தடை செய்தது. ஆனால் சாவை எப்படித் தடை செய்வது? ஆகவே இறுதி ஊர்வலமே பொதுக்கூட்டமானது. அங்கே பாடப்பட்ட பாட்டு ஒன்றின் பெரும்பகுதி ஒரே ஒரு கேள்விதான்: "நாங்கள் என்ன செய்தோம்?" தேவாலயப் பாட்டுபோல மெதுவாக, திரும்பத் திரும்ப. முதல்முறை கேட்கிறவரும் ஒரு நிமிடத்தில் சேர்ந்துகொள்ளலாம். 1985 மார்ச் 21 அன்று உய்டன்ஹேக் அருகே இறுதிச் சடங்குக்குப் போன கூட்டத்தைப் போலீஸ் சுட்டதில் குறைந்தது 20 பேர் இறந்தார்கள். 1960-ல் ஷார்ப்வில் என்ற ஊரில் கறுப்பினத்தவர் கூட்டத்தைப் போலீஸ் சுட்ட படுகொலையின் 25-ஆம் ஆண்டு நாள் அது. இறந்தவர்களுக்கு மறுபடி இறுதி ஊர்வலம், மறுபடி பாட்டு. அதே ஆண்டு ஜூலை 20-ல் கிராடொக் நகரைச் சேர்ந்த 4 செயல்பாட்டாளர்களின் இறுதிச் சடங்குக்குப் பல்லாயிரம் பேர் திரண்ட நாளில்தான் அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. சில நாட்களில் இறுதிச் சடங்குகளுக்கே கட்டுப்பாடு வந்தது.

டாக்காவில் ஒத்தியக்கத்துக்கு வேறு வடிவம். அதிகாலையில் வெறுங்காலோடு, கையில் பூவோடு, இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே ஷஹீத் மினார் எனப்படும் தியாகிகள் நினைவிடத்துக்கு நடக்கிறார்கள். பிரபாத் பேரி என்பது இந்த நடைக்குப் பெயர். அல்தாஃப் மஹ்மூதின் மெட்டு நிலைத்ததற்கு இந்த நடை ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். அவ்வளவு நிதானமான மெட்டு வெறுங்கால் நடைக்குச் சரியாகப் பொருந்துகிறது. வயதானவரும் குழந்தையும் வரிசையிலிருந்து பின்தங்குவதில்லை.

## நாள்காட்டியில் ஏறிய பாட்டு

ஒப்பாரிக்குப் பதினாறாம் நாள் முடிவு என்றேன். டாக்கா பாட்டுக்கு முடிவுக்குப் பதில் திரும்பும் நாள் உண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரி 21. தமிழ்நாட்டில் ஜனவரி 25-ஐ மொழிப்போர் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு ஆண்டும் கூடும்போது யார் வந்தார்கள், யார் வரவில்லை, கூட்டம் எவ்வளவு பெரிதானது என்பதை ஊரே பார்க்கிறது. அடுத்த போராட்டத்துக்கு அதுவே ஒத்திகையாகிறது. வங்கதேச விடுதலைப் போர் தொடங்கிய 1971 மார்ச்சில், பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் இறங்கியபோது ஷஹீத் மினாரையும் தகர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ல் அல்தாஃப் மஹ்மூதை வீட்டிலிருந்து பிடித்துப் போனார்கள். விடுதலைப் போராளிகளுக்காக அவர் வீட்டில் ஆயுதங்கள் புதைத்து வைக்கப்பட்டிருந்தன. அவர் திரும்பி வரவேயில்லை.

## பாட்டு மட்டும் போதுமா?

போதாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பாட்டே எல்லாவற்றையும் செய்ததாக முடித்துவிடுகிறார்கள். கூடிய கூட்டம் நாளை காலையில் என்ன செய்ய வேண்டும் என்று பாட்டுக்குச் சொல்லத் தெரியாது. அதற்குக் கோரிக்கை வேண்டும், அமைப்பு வேண்டும்.

கிழக்கு வங்கத்தில் இரண்டும் இருந்தன. 1954 மாகாணத் தேர்தலில் எதிர்க்கட்சிகள் ஐக்கிய முன்னணியாகச் சேர்ந்து ஒரு தேர்தல் அறிக்கை வெளியிட்டன. அதில் 21 அம்சங்கள். தேதியை மனத்தில் வைத்தே அந்த எண்ணைத் தேர்ந்தார்கள். வங்காளம் அரசு மொழியாக வேண்டும், தியாகிகளுக்கு நினைவிடம் வேண்டும், பிப்ரவரி 21 விடுமுறை நாளாக வேண்டும் என்பவை அதில் இருந்தன. சுமார் 300 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் ஆளும் முஸ்லிம் லீக் பத்து இடம் என்ற அளவுக்குச் சுருங்கியது. துப்பாக்கிச் சூட்டின்போது முதலமைச்சராக இருந்த நூருல் அமீன், ஓர் இளம் மாணவர் தலைவரிடம் தொகுதியை இழந்தார். 1956 அரசியலமைப்பு வங்காளத்தையும் அரசு மொழியாக ஏற்றது.

சுடப்பட்ட நாளிலிருந்து சட்டம் வரை 4 ஆண்டுகள். பாட்டு அந்த 4 ஆண்டுகளும் கேள்வியை ஆறவிடாமல் வைத்திருந்தது. வாக்குச் சேகரித்ததும் கூட்டணி பேசியதும் சட்ட வாசகம் எழுதியதும் மனிதர்கள்.

## யார் "சகோதரன்"?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேலே பார்த்த பொறிமுறைக்கு நல்லது கெட்டது தெரியாது. செத்தவரைச் சொந்தமாக்குவதும் பொறுப்பாளியைக் காட்டுவதும் சேர்ந்து பாடிப் பயம் தெளிவதும் வெறுப்புக் கூட்டத்துக்கும் அப்படியே உதவும். பொறுப்பாளியாகக் காட்டப்படுவது சுட்டவரா, அல்லது சுட்டவரின் மொழியைப் பேசும் பக்கத்து வீட்டுக்காரரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டாக்கா கவிதையின் பிற்பகுதியில், சுட்டவர்களைக் குறித்து "அவர்கள் இந்த நாட்டவர் அல்ல" என்று ஒரு வரி வருகிறது. ஆட்சியாளர்களைப் பார்த்து எழுதியது அது. ஆனால் 1971-க்குப் பிறகு, பிரிவினையின்போது பீகாரிலிருந்து வந்து குடியேறிய உருது பேசும் ஏழைகள் தாக்கப்பட்டார்கள், பல்லாண்டுகள் முகாம்களில் அடைந்து கிடந்தார்கள். 2008-ல் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை உறுதியானது. இதற்குப் பாட்டைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. என்றாலும் "நாட்டவர்" என்ற வட்டத்தை எவ்வளவு பெரிதாகப் போடுகிறோம் என்று பாடுகிறவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வட்டம் விரியவும் செய்கிறது. 1999-ல் யுனெஸ்கோ பிப்ரவரி 21-ஐ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. ஒரு ஊரின் எழவு நாள் இப்போது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய நாள். வங்கதேசத்துக்குள்ளேயே சக்மா, மர்மா, சந்தாலி போன்ற மொழிகளைப் பேசும் மக்கள், வங்காளிகள் 1952-ல் கேட்டதைத் தங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்டு வருகிறார்கள். 2017-ல் சக்மா, மர்மா, காரோ, திரிபுரா மக்களின் மொழி, சாத்ரி ஆகிய 5 மொழிகளில் அரசு பாடநூல்கள் வழங்கத் தொடங்கியது. எந்த எழுத்தில் அச்சிடுவது என்ற தகராறு தீராததால் சந்தாலி அந்த ஐந்தில் சேரவில்லை.